வேப்பிலையும் இருக்கட்டும், மருந்தும் இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வாழ்வில் வளர விரும்புகிறவர்கள் காலம் கடந்த பழக்கங்களையும் நம்பிக்கைகளையும் துறந்தாக வேண்டும் என்று வலியுறுத்தித் தங்கள் ஞாயிறு இணைப்பில் அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். அதன் நோக்கத்தில் எனக்கு மறுப்பு ஏதுமில்லை. ஆனால் போகியன்று கிழிந்த பாயைத் தெருவில் போட்டுக் கொளுத்துவதைப் போலப் பழையதை ஒரே நாளில் ஒழித்துவிடலாம் என்று கட்டுரையாளர் எழுதிச் சென்ற விதத்தில்தான் எனக்கு உடன்பாடில்லை. சேலம் மாவட்டத்தில் கிராம சுகாதார செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். மனிதர்கள் எதை விடுகிறார்கள், எதை விட மறுக்கிறார்கள், விட்டுவிட்டதாகச் சொல்லிக்கொண்டே எதைக் கக்கத்தில் இடுக்கி வைத்திருக்கிறார்கள் என்பதையெல்லாம் ஊர் ஊராகத் திண்ணையிலும் அடுப்படியிலும் உட்கார்ந்து பார்த்தவள் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

ஒரு பழக்கத்தைக் கைவிடச் சொல்வதற்கு முன்னால், அது எந்தத் தேவைக்காக வந்தது, அந்தத் தேவை இன்றும் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். தேவை தீர்ந்துபோயிருந்தால், அந்தப் பழக்கத்தைச் செய்து வந்த கைக்கும் அதை நம்பி வந்த மனத்துக்கும் வேறொரு வேலையைக் கொடுத்துவிட்டுத்தான் அதை எடுக்க வேண்டும். பழித்துப் பேசி எடுக்கப் பார்த்தால், எடுக்க வந்தவர் முன்னால் மட்டும் அது ஒளிந்துகொள்ளும். அவர் தெருமுனை திரும்பியதும் பழையபடி நடு வீட்டுக்கு வந்துவிடும். பிறரைத் திருத்தப் போகிறவருக்கு மட்டுமன்றித் தம்மைத் தாமே திருத்திக்கொள்ள நினைப்பவருக்கும் இது பொருந்தும் என்பது என் கருத்து.

ஆடி பிறக்கவிருக்கும் இவ்வேளையில் எங்கள் ஊர்க் கதையிலிருந்தே தொடங்குகிறேன். எட்டுப்பேட்டையைக் கட்டியாளும் கோட்டை மாரியம்மன் என்று சேலத்தார் கொண்டாடும் அம்மனுக்கு ஆடியில் பூச்சாட்டி, கம்பம் நட்டு, சக்தி அழைத்து, பொங்கலிட்டு, உருளுதண்டம் போட்டு நடத்துகிற திருவிழாவை அறியாதவர் இங்கே இருக்க முடியாது. அம்மாபேட்டை, குகை, செவ்வாய்ப்பேட்டை என்று பேட்டைக்குப் பேட்டை மாரியம்மன் கோயில் இருப்பதற்குப் பக்தி ஒரு காரணம் என்றால், அச்சம் மற்றொரு காரணம். பெரியம்மை கண்ட பத்துப் பேரில் மூவர் வரை மாண்டுபோன காலம் அது. பிழைத்தவர் முகத்தில் தழும்போடும், சிலர் கண்ணை இழந்தும் வாழ்ந்தார்கள். இன்றும் கோயிலில் வேண்டுதலுக்கு உப்பும் மிளகும் கண்மலரும் வாங்கிச் செலுத்துகிற கைகளுக்கு, அந்தக் கண்மலருக்குப் பின்னால் எத்தனை குருட்டுக் கண்கள் இருந்திருக்கும் என்பது தெரிந்திருக்க நியாயமில்லை.

மருந்தே இல்லாத அந்தக் காலத்தில் நம் முன்னோர் செய்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், அவற்றில் பெரும்பகுதி அறிவுக்குப் பொருந்துவதாகவே இருக்கிறது. வாசலில் வேப்பிலை கட்டினார்கள். அது, இந்த வீட்டுக்குள் யாரும் வராதீர்கள் என்று எழுத்தறியாத ஊருக்கும் புரிகிற அறிவிப்பாயிற்று. நோயாளியைத் தனிப் பாயில் படுக்கவைத்தார்கள். துணிமணியைத் தனியே வைத்தார்கள். தாளிக்கிற நெடி வீட்டில் எழக்கூடாது என்றார்கள். இளநீரும் மோரும் கூழும் கொடுத்தார்கள். இவற்றில் எதையும் குறைசொல்ல ஒரு மருத்துவர் முன்வரமாட்டார். ‘அம்மா வந்திருக்கும்போது மருந்து கொடுக்கக் கூடாது’ என்ற ஒன்றுதான் பிற்காலத்தில் ஆபத்தாக மாறியது. கொடுக்க மருந்தே இல்லாதபோது யாரையும் கெடுக்காத அந்த விதி, மருந்து வந்த பிறகு உயிரை வாங்கத் தொடங்கியது.

1796 இல் ஆங்கில மருத்துவர் ஜென்னர் கண்டுபிடித்த பெரியம்மைத் தடுப்பு முறை இந்தியாவுக்கு வந்து, பின்னர் நம் சென்னை கிண்டி கிங் நிலையத்திலேயே அம்மைப்பால் என்னும் தடுப்பு மருந்து தயாராகி, ‘அம்மை குத்துகிறவர்’ ஊர் ஊராக வரத் தொடங்கியபோது, குழந்தைகளைக் குதிருக்குப் பின்னால் ஒளித்துவைத்தவர்கள் நம் பாட்டிமார்தாம். அதே பாட்டிமார்தாம் பிற்பாடு பேரக்குழந்தைகளின் கையைத் தாமே பிடித்துக் கொடுத்தவர்களும். என் தலைமுறையினரின் மேற்கையில் இன்றும் வட்டமாக இருக்கும் அந்தத் தழும்பு, ஒரு சமூகம் தன் மனத்தை மாற்றிக்கொண்டதற்கான சான்று. அம்மை கண்ட குழந்தையின் படம் அச்சிட்ட அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, ‘இப்படி யாருக்காவது வந்திருக்கிறதா?’ என்று நாடெங்கும் பணியாளர்கள் வீடு வீடாகக் கேட்டுத் திரிந்தார்கள். தகவல் தருவோருக்கு வெகுமதியும் கொடுத்தார்கள். 1975 இல் இந்தியாவில் பெரியம்மை முடிவுக்கு வந்தது. 1980 இல் உலகமே அதிலிருந்து விடுபட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. பெரியம்மை போய்விட்டது; மாரியம்மன் எங்கும் போய்விடவில்லை. கூட்டம் கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை. நம்பிக்கையில் ஒரு பகுதியை எடுத்துவிட்டால் மீதியும் சரிந்துவிடும் என்று அஞ்சுகிறவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது இதைத்தான்.

இருந்தாலும் ‘மருந்து கூடாது’ என்கிற அந்த ஒரு விதி, பெரியம்மையோடு போகாமல் சின்னம்மையைப் பற்றிக்கொண்டது. நெசவாளர்கள் நிறைந்த ஒரு தெருவில், பிரசவத்துக்கு நாள் நெருங்கியிருந்த இளம் பெண்ணொருத்திக்குச் சின்னம்மை கண்டது. மூன்றாம் நாள் நான் போனபோது மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். கர்ப்பிணிக்கு, அதிலும் நிறைமாதத்தில், சின்னம்மை நுரையீரலைத் தாக்கினால் உயிருக்கே ஆபத்து. தலைக்கு மூன்று தண்ணீர் ஊற்றி முடியாமல் படி தாண்டக் கூடாது என்று அவளுடைய பாட்டி தறிமேடை மேல் உட்கார்ந்துகொண்டு ஒரே பிடியாக நின்றார். நான் செருப்பை வெளியே கழற்றிவிட்டு, காலைக் கழுவிக்கொண்டு உள்ளே போய், அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். மூடநம்பிக்கை என்ற சொல்லை அந்தத் தெருவில் நான் ஒருநாளும் எடுத்ததில்லை. அதை எடுத்தால் அடுத்த வீட்டுக் கதவும் சாத்திக்கொள்ளும். “ஆத்தா இந்த ஊட்டுக்கு மட்டுந்தான் வருவாளா பாட்டிம்மா, ஆஸ்பத்திரிக்குக் கூட வரமாட்டாளா?” என்று கேட்டேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு எழுந்து போய் வாசலில் கட்டியிருந்த வேப்பங்கொத்தை அவிழ்த்துக்கொண்டு வந்து, “அப்ப இதையும் வண்டியில கட்டுங்க நர்சம்மா” என்றார். 108 வண்டியின் ஓட்டுநர் ஒரு வார்த்தை மறுப்புச் சொல்லாமல் கதவுக் கைப்பிடியில் அதைக் கட்டிக்கொண்டு புறப்பட்டார். தாயும் பிள்ளையும் நலமாகத் திரும்பினார்கள். விட்டுப்போன தண்ணீரை அதன் பிறகு வீட்டில் ஊற்றிக்கொண்டார்கள். அதற்குப் பின் அந்தத் தெருவில் யாருக்கு அம்மை கண்டாலும், ‘மொதல்ல நர்சம்மாவுக்குச் சொல்லுங்க’ என்று சொல்கிறவர் அந்தப் பாட்டியாகத்தான் இருந்தார்.

இதை எழுதுவதால் இன்னொன்றையும் சேர்த்து எழுதியாக வேண்டும். சின்னம்மைக்கு இன்று அசைக்ளோவிர் மாத்திரை இருக்கிறது. கொப்புளம் தோன்றிய முதல் நாளிலேயே மருத்துவர் சொற்படி தொடங்கினால்தான் அதனால் முழுப் பயன் உண்டு. பெரியவர்களும் கர்ப்பிணிகளும் காத்திருக்கவே கூடாது. வேப்பிலைப் படுக்கை அதன்பாட்டுக்கு இருக்கட்டும்.

கைக்கு வேறு வேலை கொடுக்க வேண்டும் என்றேனே, அதற்குச் சேனை வைக்கும் வழக்கத்தைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. பிறந்த குழந்தையின் நாக்கில் குடும்பத்துப் பெரியவர் ஒருவர் சர்க்கரைத் தண்ணீரையோ தேனையோ முதன்முதலாகத் தொட்டுவைப்பார். அவருடைய குணம் குழந்தைக்கு வரும் என்பது நம்பிக்கை. அதே வேளையில், தாயிடம் முதலில் சுரக்கும் சீம்பாலைக் கெட்ட பால் என்று பீய்ச்சிக் கொட்டிவிடுவார்கள். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுக்க வேண்டும், ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிரத் தண்ணீர்கூடக் கூடாது என்று எத்தனை முறை சொன்னாலும், எல்லாரும் தலையை ஆட்டிவிட்டு, நான் பதிவேட்டில் எழுதுவதற்காகக் குனிகிற நேரத்தில் சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டுவைத்து விடுவார்கள். தேனில் இருக்கக்கூடிய ஒரு வகைக் கிருமி ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு வாத நோய் போன்ற கொடிய பாதிப்பை உண்டாக்கக்கூடும் என்பதை விளக்கினால், ‘எங்க காலத்துல நாங்க எல்லாம் பொழைக்கலையா?’ என்பார்கள்.

யோசித்துப் பார்த்தால், அந்தப் பெரியவர் விரும்புவது சர்க்கரைத் தண்ணீரை அல்ல. குடும்பத்துக்கு வந்த புது உயிரை முதலில் வரவேற்கும் உரிமையைத்தான் அவர் விரும்புகிறார். அந்த உரிமையை நாம் சர்க்கரையோடு சேர்த்துப் பிடுங்கப் பார்த்தோம். அதன் பிறகு நாங்கள் சில செவிலியர்கள் வேறு விதமாகச் செய்யத் தொடங்கினோம். குழந்தையைத் துடைத்து, தாயிடம் முதல் பால் குடிக்கவைத்த கையோடு, சேனை வைக்க வந்திருக்கும் பெரியவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, குழந்தையை அவர் மடியில் கொடுத்து, காதில் பெயரையோ வாழ்த்தையோ சொல்லச் சொன்னோம். ஏறத்தாழ எல்லாரும் அதை ஏற்றுக்கொண்டார்கள். டம்ளரோடு வந்தவர் அதை ஜன்னலோரம் வைத்துவிட்டுக் கையை நீட்டுவார். ஒருவரிடமும் நான் வாதாடி வென்றதில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கையையும் சொல்ல வேண்டியிருக்கிறது. பழையது எல்லாவற்றையும் விட்டுவிடுவதுதான் வளர்ச்சி என்று நினைக்கத் தொடங்கினால், விடக்கூடாததையும் விட்டுவிடுவோம். வயிற்றுப்போக்குக் கண்ட குழந்தைக்குத் தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும் என்று நாக்கை வறளவிட்ட நம்பிக்கை கொடியது. ஆனால் அதே வீட்டில் உப்புப் போட்ட அரிசிக் கஞ்சியைக் கொடுத்த பழக்கம் அருமையானது. உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் கைக்கு வரும்வரை அந்தக் கஞ்சியையே கொடுக்கும்படி நாங்களும் சொன்னோம். ஆடி முதல் நாளன்று எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் தேங்காய் சுடுவார்களே, அதை யாராவது மூடப்பழக்கம் என்று ஒழிக்க வந்தால் நானே எதிர்த்து நிற்பேன். தேங்காயை வழவழவென்று உரசி, கண்ணைத் துளைத்துத் தண்ணீரை இறக்கி, பச்சரிசியும் பாசிப்பருப்பும் எள்ளும் வெல்லமும் திணித்து, இறக்கிய தண்ணீரையே மறுபடி ஊற்றி, அழிஞ்சில் குச்சியைச் செருகி மஞ்சள் பூசி, தெருவெல்லாம் நெருப்பு மூட்டி அந்தி நேரத்தில் வாட்டுகிற அந்த வழக்கத்தால் யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை. ஓடு கருகி வெடித்ததும் பிள்ளையாருக்குப் படைத்துவிட்டு ஆளுக்கொரு சில்லாகத் தின்கிறபோது வருகிற மணத்துக்காகவே வெளியூரில் வேலை பார்க்கிற பிள்ளைகள் அன்றைக்கு ஊர் வந்து சேர்கிறார்கள். அதே ஆடியில் புதுமணத் தம்பதியைப் பிரித்து வைக்கும் வழக்கம் வேறு. ஆடியில் கருவுற்றால் சித்திரை வெயிலில் பிரசவமாகும் என்ற கவலை, காற்றோட்டமில்லாத குடிசையில் பிள்ளை பெற்ற காலத்துக்குப் பொருந்தியது. தமிழ்நாட்டில் ஏறக்குறைய எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனையில் நடக்கும் இன்றைக்கு அதற்கு என்ன வேலை?

ஏற்காட்டு மலைக் கிராமங்களில் பணியாற்றிய நாட்களில் காபித் தோட்டங்களில் கவாத்து நடப்பதைப் பார்த்திருக்கிறேன். பழம் பறித்து முடிந்ததும், ஏற்கெனவே காய்த்து ஓய்ந்த கிளையைப் பார்த்துப் பார்த்துக் கழிப்பார்கள். காபிச் செடி பழைய கட்டையில் திரும்பக் காய்ப்பதில்லை. முந்திய ஆண்டு விட்ட இளங்கிளையில்தான் காய்க்கும். கத்தியைப் பிடித்திருக்கும் தொழிலாளிக்கு அந்தக் கிளை மீது பகை ஒன்றும் கிடையாது. போன ஆண்டு கூடை நிறைத்தது அதுதானே.

படிப்பு வந்தால், பணம் வந்தால், கருவிகள் வந்தால் இவையெல்லாம் தாமாகவே போய்விடும் என்ற எண்ணம் பலருக்கு உண்டு. என் அனுபவம் அப்படி இல்லை. கைவிடப்படாத நம்பிக்கை புதுக் கருவியை ஏந்திக்கொண்டு இன்னும் வலுவாகத் திரும்பி வருகிறது. முன்பெல்லாம் குழந்தை பிறந்த பிறகுதான் நேரம் குறித்து ஜாதகம் கணிப்பார்கள்; இன்று நல்ல நட்சத்திரத்தையும் நல்ல லக்னத்தையும் முதலில் குறித்துக்கொண்டு வந்து, அந்த நேரத்துக்கு வயிற்றைக் கிழித்து எடுக்கச் சொல்கிறார்கள். கேட்பவர்களில் பொறியாளர்களும் உண்டு, பேராசிரியர்களும் உண்டு. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் ஏறத்தாழ 45 விழுக்காடு அறுவைச் சிகிச்சைப் பிரசவங்கள். இவற்றுக்குப் பல காரணங்கள் உண்டு. எல்லாவற்றையும் பஞ்சாங்கத்தின் தலையில் கட்டுவது நியாயமாகாது. ஆனால் மருத்துவக் காரணம் எதுவும் இல்லாமல் 39 வாரம் நிறைவதற்கு முன்பே எடுக்கப்படும் குழந்தைக்கு மூச்சுத் திணறல் வருவதற்கான வாய்ப்பு கூடுதல் என்பது உறுதியாகத் தெரிந்த செய்தி. நல்ல நேரத்தில் பிறந்த பிள்ளையைப் பிறந்த நிமிடமே கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, குடும்பமே வராந்தாவில் நின்று வேண்டிக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன். 2017 இல் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி முகாம் நடந்தபோது வாட்ஸ்அப்பில் பரவிய வதந்தியை நம்பிப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டில் வைத்துக்கொண்டவர்களும் படித்த பெற்றோர்தாம். குதிருக்குப் பின்னால் ஒளித்த பாட்டிக்காவது அறியாமை என்ற காரணம் இருந்தது.

நம் மாவட்டம் வெட்கப்பட வேண்டிய ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பெண் குழந்தை என்றால் செலவு என்ற நம்பிக்கை எந்த அளவுக்குப் போயிருந்தது என்றால், 1992 இல் தொட்டில் குழந்தைத் திட்டத்தை அரசு முதன்முதலில் சேலம் மாவட்டத்தில்தான் தொடங்க வேண்டியிருந்தது. வளர்க்க மனமில்லையென்றால் கொல்லாதீர்கள், இந்தத் தொட்டிலில் போட்டுவிட்டுப் போங்கள் என்று ஓர் அரசு தன் மக்களிடம் கேட்டுக்கொண்டது. மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்த வீட்டுக்கு மறுநாளும் அதற்கு மறுநாளும் ஏதாவது ஒரு சாக்கைச் சொல்லிக்கொண்டு போய் எட்டிப் பார்ப்பது எங்கள் வேலையில் எழுதப்படாத ஒரு பகுதியாக இருந்தது. அந்தக் கொடுமை ஒரு பக்கம் இருக்க, வேறு வழியில் ஸ்கேன் கருவியும் வந்து சேர்ந்தது. பாலினம் சொல்வதைத் தடுக்க 1994 இல் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று.

இன்று அப்படிப் பிழைத்து வளர்ந்த பெண்கள் வேலைக்குப் போகிறார்கள். பெற்றோரை மருத்துவமனைக்கு அழைத்து வருகிறவர்களில் பலர் மகள்களாகவே இருக்கிறார்கள். ‘பொண்ணுதாங்க எல்லாம் பாத்துக்குது’ என்று பெருமையாகச் சொல்லும் அதே பெற்றோர், வீட்டை எழுதும் நாளில் அந்தப் பெண்ணைப் பத்திரப் பதிவு அலுவலகத்துக்கு அழைத்துப்போய் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குகிறார்கள். மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு உண்டு என்று தமிழ்நாடு 1989 இலேயே சட்டம் செய்தது. நாடு முழுவதற்கும் 2005 இல் வந்தது. சட்டம் நம்பிக்கையைவிட வேகமாக நடக்கும்போது இப்படித்தான் நேர்கிறது. அந்தப் பெண்ணைக் கேட்டால், ‘அண்ணன் மனசு நோகக் கூடாதுங்க’ என்பாள். அதைப் பெருந்தன்மை என்று பாராட்ட எனக்கு மனம் வருவதில்லை.

கட்டுரையாளர் தொடாமல் விட்ட இடத்துக்கு இந்தப் பெண்ணே என்னை அழைத்து வருகிறாள். காலம் கடந்த நம்பிக்கைக்குக் கடைசிக் காவலாளியாக நிற்பவர், பெரும்பாலும் அதனால் அடிபட்டவரேதான். கணவரை இழந்த அம்மா, தனி ஆளாய் நின்று வளர்த்து ஆளாக்கிய மகளின் திருமணத்தில் மண்டபத்தின் கடைசித் தூணுக்குப் பின்னால் நிற்கிறார். யார் அவரை அங்கே நிற்கச் சொன்னார்கள்? சம்பந்தி வீட்டார் சொல்லவில்லை, புரோகிதர் சொல்லவில்லை, மகளோ மேடையிலிருந்து கையசைத்துக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள். எங்கள் தெருத் திருமணம் ஒன்றில் மாப்பிள்ளையே இறங்கி வந்து கையைப் பிடித்து அழைத்துப்போய்த் தாரை வார்க்கும் இடத்தில் நிற்கவைத்தார். அந்த அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு தண்ணீரை வார்த்தார். தாலி கட்டி முடிந்ததும் பந்தியில் அதைப் பற்றிப் பேச்சு நடந்தது, உண்மைதான். பாயசம் வந்ததும் பேச்சு மாறிவிட்டது. ‘நாலு பேர் என்ன சொல்வார்கள்’ என்று ஆயுள் முழுக்க அஞ்சுகிறோமே, அந்த நாலு பேரின் கவனம் அவ்வளவு நேரந்தான் நிற்கிறது.

எல்லாருக்கும் பரிமாறிவிட்டு ஆறிப்போன சோற்றைக் கடைசியில் தின்னும் பழக்கமும் இதே வகையைச் சேர்ந்தது. பானையில் சோறு குறைவாக இருந்த காலத்தில் அது தியாகம். இன்று அதே பெண் இரத்தசோகையோடு என் முன் வந்து நிற்கும்போது, அந்த வீட்டில் அரிசிக்குப் பஞ்சம் இருப்பதில்லை. ‘நீங்களும் சேர்ந்து உட்காருங்கள்’ என்று சொன்னால், கணவரும் பிள்ளைகளும் சரி என்பார்கள். அவள்தான் ‘எனக்கு அப்படிச் சாப்பிட்டா எறங்காதுங்க’ என்பாள். நம்பிக்கை என்று சொல்ல முடியாத வெறும் பழக்கங்களும் இப்படித்தான் ஒட்டிக்கொள்கின்றன. குழாயில் எத்தனையோ நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வந்த காலத்தில் சேலத்து வீடுகளில் அண்டா, குண்டான், டிரம் என்று அகப்பட்டதிலெல்லாம் பிடித்து வைத்தோம். இப்போது அடிக்கடி தண்ணீர் வரும் தெருக்களிலும் அதே டிரம்கள் மூடியில்லாமல் நிற்கின்றன. டெங்குக் கொசு அந்த நல்ல தண்ணீரில்தான் முட்டையிட்டு, ஒரு வாரம் பத்து நாளில் பறக்கத் தொடங்குகிறது. டிரம்மைக் கவிழ்க்கச் சொன்னால், பட்ட பாட்டை மறக்காத அந்தத் தலைமுறையின் முகத்தில் எழும் பதற்றத்தை நான் கேலி செய்யமாட்டேன். எங்கள் வீட்டில் டிரம்மின் எண்ணிக்கையை ஒன்றாகக் குறைப்பதற்கே என் மாமியாரிடம் நான் பட்ட பாடு தனிக் கதை.

ஆகவே தம்மிடம் உள்ள ஒன்றை விட நினைப்பவருக்கு என்னால் சொல்ல முடிந்தது கொஞ்சந்தான். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் கையிலெடுக்காமல் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். விசேஷ நாளில் தொடங்கினால் வீடே எதிர்த்து நிற்கும். விருந்தாளி இல்லாத ஒரு செவ்வாயோ புதனோ போதும். வீட்டில் மூத்தவரிடம் முன்கூட்டியே சொல்லி, அது எதற்காக வந்தது என்று அவரிடமே கேட்க வேண்டும். பாதி வீடுகளில் ‘எனக்கும் தெரியாது, எங்க அம்மா சொன்னாங்க’ என்ற பதிலே வரும். அந்தப் பதிலைச் சொன்ன வாய், அதற்குப் பிறகு அவ்வளவு கடுமையாகத் தடுக்காது. கொஞ்ச நாளைக்கு உள்ளுக்குள் ஏதோ குறைவதுபோல இருக்கும். ஒரு தலைவலி வந்தாலும் அதை விட்டதால்தான் வந்தது என்று தோன்றும். அந்தக் காலத்தைக் கடந்துவிட்டால் போதும். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்ற பழமொழியை எனக்கு மேற்கோள் காட்டியவர்கள் பலர். எழுபது வயதில் சீம்பாலைக் கொடுக்கச் சொல்லி மருமகளை அதட்டிய மாமியார்களைக் கண்ட பிறகு, அந்தப் பழமொழியை நான் அப்படியே ஏற்பதற்கில்லை.

தங்கள் நாளிதழுக்கு இரண்டு வேண்டுகோள்கள் உண்டு. ஆண்டுதோறும் ஆடி இணைப்பில் ‘ஆடியில் செய்யக் கூடியவை, கூடாதவை’ என்றொரு பக்கம் வருகிறது. இந்த ஆண்டு அந்தப் பக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் எதிரே, அது எந்தத் தேவைக்காக ஏற்பட்டது என்பதையும் தெரிந்தவர்களிடம் கேட்டு வெளியிடுங்கள்; அதனுடன், தங்கள் வீட்டில் மாற்றிக்கொண்ட ஒரு வழக்கத்தைப் பற்றி வாசகர்கள் எழுதுவதற்குக் கொஞ்சம் இடம் ஒதுக்குங்கள். அறிவுரைக் கட்டுரையைவிட அடுத்த வீட்டில் நடந்ததைப் படித்தால் மனம் சற்றே இளகும். இரண்டாவதாக, குழந்தை பிறப்புக்கு உகந்த நாளும் நேரமும் என்று ஜோதிடப் பகுதியில் வெளியிடுவதைத் தயவுசெய்து நிறுத்திக்கொள்ளுங்கள். திருமணத்துக்கும் புதுமனை புகுவதற்கும் நாள் பார்த்துக் கொடுங்கள்; அதனால் யாருக்கும் மூச்சுத் திணறப்போவதில்லை.

கடிதம் நீண்டுவிட்டது. இடத்துக்கேற்பச் சுருக்கிக்கொள்வது தங்கள் உரிமை. அப்படிச் சுருக்க நேர்ந்தால், அம்மை கண்ட கர்ப்பிணியைத் தண்ணீர் ஊற்றும்வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும் என்பதை மட்டும் விட்டுவிடாமல் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
அம்மாபேட்டை, சேலம்.